மகள் கையில் ரம்பம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் கோடை முகாம் பட்டியலில், பெண் பிள்ளைகளுக்குத் தச்சு, வெல்டிங், மின்வேலை, குழாய்வேலை ஆகியவற்றைக் கற்றுத்தரும் முகாம்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். பட்டியலின் மற்ற பகுதிகள் எல்லாவற்றுக்கும் சேர்ந்து வந்த கடிதங்களைவிட அந்த நான்கு வரிக்கு வந்தவையே அதிகம். ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தோழி ஒருத்தியோடு சேர்ந்து பெர்க்லியில் நடக்கும் தச்சு, வெல்டிங் முகாமுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். என் கணவரோ, அந்த வாரம் கணக்கு முகாமுக்கு அனுப்பினால் பள்ளியில் ஒரு படி மேலே போகலாம் என்கிறார். ஆணி அடிக்கக் கற்றுக்கொள்வதற்குப் பணம் கட்ட வேண்டுமா? அங்கே உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? – வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘கேர்ள்ஸ் கராஜ்’ என்னும் பட்டறையாக இருக்க வேண்டும். கட்டடக்கலை பயின்ற வடிவமைப்பாளர் எமிலி பிலோட்டன் 2013ஆம் ஆண்டு தொடங்கியது அது. அதற்கு முன்பு அவர் வட கரோலைனாவின் பெர்ட்டி கவுன்ட்டி என்ற பின்தங்கிய பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுமானப் பாடம் எடுத்து, அவர்களைக் கொண்டே ஊருக்கு ஓர் உழவர் சந்தைக் கொட்டகையைக் கட்டிமுடித்தவர். பெர்க்லி பட்டறையில் 9 முதல் 18 வயது வரையுள்ள பெண் பிள்ளைகள் வடிவமைப்பு, தச்சு, வெல்டிங் எல்லாம் கற்கிறார்கள். செய்யும் பொருள்களில் சில வீட்டுக்குப் போகின்றன. சில அக்கம்பக்கத்து அமைப்புகளின் பயன்பாட்டுக்குப் போகின்றன. இந்த இரண்டாவது வகையை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் அறையில் வைத்துக்கொள்ளும் பெட்டி ஆடினால் சமாளித்துக்கொள்ளலாம். இன்னொருவர் வந்து உட்காரப்போகும் பெஞ்சு ஆடக்கூடாது என்பது பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும்.

இத்தகைய முகாம்களில் முதல் நாள் காலையில் பெரும்பாலும் ரம்பமோ டிரில்லோ வெளியே வருவதில்லை. இஞ்ச் டேப்தான் வருகிறது. டேப்பின் நுனியில் உள்ள உலோகக் கொக்கி லேசாக ஆடும். ‘இது உடைந்திருக்கிறது, வேறு கொடுங்கள்’ என்று யாராவது ஒரு பிள்ளை கொண்டுவந்து நீட்டுவாள். அது பழுதல்ல. பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போது கொக்கி தன் தடிமன் அளவுக்கு வெளியே நகர்கிறது. பெட்டியின் உட்சுவரில் முட்டவைத்து அளக்கும்போது அதே தடிமன் அளவுக்கு உள்ளே நகர்கிறது. எப்படி அளந்தாலும் அளவு சரியாக வரவேண்டும் என்பதற்காகவே அதைத் தளர்வாக ரிவிட் அடித்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அன்று மாலை வீட்டில் உள்ள எல்லா டேப்புகளையும் இழுத்துப் பார்ப்பாள், தயாராக இருங்கள்.

அடுத்த அதிர்ச்சி மரம். கடையில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் கட்டை 2 அங்குலத்துக்கு 4 அங்குலம் இருப்பதில்லை. உலர்த்தி இழைத்தபின் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலமே மிஞ்சுகிறது. பெயரை நம்பி வரைபடம் போட்டவர்களின் பெட்டி மூடாது. வட்ட ரம்பத்தின் பல் தின்றுபோகும் மரத்துக்கும் ஏறக்குறைய 1/8 அங்குலம் ஒதுக்க வேண்டும். அதை மறந்து ஒரே பலகையில் நான்கு துண்டுகளை ஒட்டி ஒட்டிக் குறித்துவைத்தால் நான்காவது துண்டு குறையும். உங்கள் கணவரிடம் சொல்வதற்கு இது உதவலாம்: டேப்பில் ஓர் அங்குலம் பதினாறு பாகங்களாகப் பிரிந்திருக்கிறது, ஆகவே வெளி அகலம் 12 அங்குலம் உள்ள பெட்டிக்குள், இரு பக்கமும் ¾ அங்குலப் பலகை போக, அடிப்பலகையை எவ்வளவுக்கு அறுப்பது என்ற கேள்வி பின்னக் கணக்குத்தான். ஆனால் இந்த முகாமைக் கணக்கு முகாமின் மாற்று என்று சொல்லி அவரைச் சம்மதிக்கவைக்காதீர்கள். அதற்காக அல்ல இது.

ஆணி அடிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போது ஆணியைவிடத் திருகாணியே அதிகம். முதல்முறை டிரில்லைப் பிடிக்கும் பிள்ளை விசையை அழுத்துவதில் கவனமாக இருப்பாளே தவிர, பின்னாலிருந்து உடம்பின் எடையைக் கொடுக்க மாட்டாள். முனை வழுக்கி, திருகாணியின் தலை மழுங்கி, வெள்ளித் தூளாக உதிரும். தோள், முழங்கை, டிரில், திருகாணி நான்கும் ஒரே நேர்கோட்டில் வருமாறு நின்று, முன்கூட்டியே சிறு துளை போட்டு, மெதுவாக இறக்கினால் மரமும் பிளக்காது, தலையும் கெடாது. இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கைக்கு வருவதற்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும். வெல்டிங் இதைவிட வேகமாகப் பிடித்துப்போகிறது. முகமூடிக்குள் இருட்டில் எதுவும் தெரியாது. சரியான வேகத்தில் கை நகர்ந்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல் சீரான ஓசை வரும், அந்த ஓசையைக் கேட்டே வேகத்தைச் சரிசெய்துகொள்ளச் சொல்வார்கள்.

கணக்கு முகாம் எல்லா வாரமும் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, கணினியிலும் கிடைக்கிறது. இது அப்படியல்ல. மகளே கேட்கிறாள் என்பது போதுமான காரணம், அனுப்புங்கள்.

கேள்வி: மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பெண்கள் சித்தாள் வேலைக்குப் போவது வறுமையால்தான். அந்த வேலை நம் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் நிலத்தை விற்றுப் படிக்கவைத்தோம். இங்கே பேத்தியைப் பணம் கட்டிக் கட்டட வேலைக்கு அனுப்புகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. – வாசகர், டாலஸ், டெக்சஸ்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் உள்ள வருத்தம் நியாயமானது. அதை வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லித் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் பார்த்த கட்டடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கலவைச் சட்டியும் செங்கல்லும் யார் தலையில் இருந்தன? கரணையும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் யார் கையில் இருந்தன? கையாளாக வந்த பையன் சில வருடங்களில் கொத்தனார் ஆகிவிடுவான். கூலியும் அதற்கேற்ப ஏறும். அவனோடு அதே நாளில் வேலைக்கு வந்த பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாளாகவே இருப்பாள். அவளுக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். கரணையை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. உங்கள் பேத்தி போகும் முகாமில் கொடுப்பது அந்தக் கரணையை.

நம் நாட்டிலும் இதை மாற்ற முயன்றவர்கள் உண்டு. கேரளத்தில் கோட்டயம் பக்கத்தில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்துவேலையும் தச்சும் கற்றுத்தந்தது. ஜார்க்கண்டில் கழிப்பறைத் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி கொடுத்தார்கள். மேஸ்திரியை ராஜ மிஸ்திரி என்று அழைக்கும் ஊரில் இவர்களுக்கு ‘ராணி மிஸ்திரி’ என்று பெயர் வந்தது.

அமெரிக்காவின் கதையும் நீங்கள் நினைப்பதுபோல் நேர்கோட்டில் போனதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் கைசர் கப்பல் தளங்கள் 747 கப்பல்களைக் கட்டின. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் வெல்டிங் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். போர் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1978ஆம் ஆண்டு, அரசு ஒப்பந்தக் கட்டுமானங்களில் வேலை நேரத்தின் 6.9 சதவீதமாவது பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி அரசு இலக்கு வைத்தது. அந்த இலக்கு நாட்டளவில் எட்டப்படவே இல்லை. அதற்கு அடிப்படையாக இருந்த 1965ஆம் ஆண்டின் ஆணையும் 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. இன்று கட்டுமானத் துறையில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் பெண் என்றாலும், அதில் அலுவலகப் பணிகளும் அடங்கும். தளத்தில் கருவி பிடிப்பவர்களை மட்டும் எண்ணினால் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். நம் ஊரில் பெண்ணைத் தளத்துக்குள் விட்டுக் கருவியை மறுத்தார்கள். இங்கே தளத்துக்குள்ளேயே விடவில்லை.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி இந்நாட்டு எலக்ட்ரீஷியன், பிளம்பர் ஆகியோரின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகை) 62,000 டாலரைத் தாண்டுகிறது. பேத்தி அந்த வேலைக்குத்தான் போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போனால் அது சித்தாள் வேலையாக இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் எல்லா முகாமும் ஒரேமாதிரி தெரிகின்றன: மஞ்சள் தலைக்கவசம், சிரித்த முகம், கையில் சுத்தியல். எது நல்ல முகாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. – வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மரத்தை அறுப்பது யார்? ‘எல்லாத் துண்டுகளையும் நாங்களே அறுத்துத் துளையிட்டு வைத்திருப்போம், பிள்ளைகள் பொருத்தி வண்ணம் பூசுவார்கள்’ என்று பெருமையாகச் சொன்னால், அது கைவினை வகுப்பு. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சரி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு வாரத்துக் கட்டணத்தைத் தண்டம் அழுகிறீர்கள். ‘கை ரம்பம் எல்லோருக்கும், இன்ன வயதுக்கு மேல் இன்ன இயந்திரம், மேசை ரம்பம் பயிற்றுநருக்கு மட்டும்’ என்று வயதுவாரியாகப் பதில் வந்தால், இதைப் பற்றி யோசித்தவர்கள் நடத்துகிறார்கள் என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கூலிக்கு வேலை செய்யும் 18 வயதுக்குட்பட்டவர்கள் மின்விசையால் இயங்கும் மரவேலை இயந்திரங்கள், வட்ட ரம்பம், பட்டை ரம்பம் ஆகியவற்றை இயக்கக்கூடாது என்று கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் தடை விதிக்கிறது. 16, 17 வயதுத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்குக் கட்டுப்பாடுகளோடு விலக்கு உண்டு. முகாமில் படிப்பது கூலி வேலை அல்ல, ஆகவே அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் எந்த இயந்திரம் ஆபத்தானது என்று அரசே போட்டுக் கொடுத்த பட்டியல் அது. நல்ல முகாம்கள் அதை மனத்தில் வைத்தே தங்கள் விதிகளை வகுத்துக்கொள்கின்றன. மேசை ரம்பத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அறுபடும் துண்டு ரம்பத்துக்கும் பக்கத் தடுப்புக்கும் நடுவில் சிக்கிக்கொண்டால், சுழலும் பல் அதை இயக்குபவர் மீதே திருப்பி வீசிவிடும். கையும் அதோடு இழுபடலாம். பெரியவர்களுக்கே விரல் போகும் இயந்திரம் அது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காத முகாமைக் கோழை என்று நினைக்க வேண்டாம்.

பயிற்றுநர் எண்ணிக்கையையும் கேளுங்கள். அமெரிக்க முகாம் சங்கத்தின் தரநிர்ணயப்படி, பகல்நேர முகாம்களில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒருவரும், 9 முதல் 14 வயதினர் பத்துப் பேருக்கு ஒருவரும், அதற்கு மேற்பட்டவர்கள் பன்னிரண்டு பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும். இது பொதுவான முகாம்களுக்கு வகுத்த அளவு. ரம்பம் ஓடும் இடத்தில், ஓட்டும் பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் நின்றாக வேண்டும். மற்றவர்களை அந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். பயிற்றுநர்களில் ஒருவராவது அந்தத் தொழிலில் கைநனைத்தவராக இருப்பது நல்லது. நியூயார்க்கில் ‘டூல்ஸ் அண்ட் டியாராஸ்’ அமைப்பைத் தொடங்கிய ஜூடலின் காசிடி, டிரினிடாடிலிருந்து வந்து பிளம்பர் சங்கத்தில் இடம்பிடித்தவர். செப்புக் குழாயைப் பற்றவைப்பது எப்படி என்று அவர் காட்டும்போது, அதைப் பிழைப்பாகச் செய்த ஒரு பெண் கண்ணெதிரே நிற்கிறார் என்பதும் சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போய்ச்சேர்கிறது.

மற்றபடி வரக்கூடிய காயங்கள் பெரும்பாலும் மரச்சிராய், சுத்தியல் அடி, சூட்டுக் கொப்புளம். டெட்டனஸ் தடுப்பூசியின் அடுத்த தவணை 11, 12 வயதில் போடுவது. போட்டாயிற்றா என்று முகாமுக்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் கோயில் கயிறு, காதில் தொங்கட்டான், இடுப்பு வரை பின்னல். முகாமில் இவற்றை அனுமதிப்பார்களா? – வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மாட்டார்கள், அனுமதித்தால் அந்த முகாமுக்கு அனுப்பாதீர்கள். சுழலும் இயந்திரம் தொங்கும் எதையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். பின்னலைக் கொண்டையாக முடிந்து, அதற்குமேல் துணி கட்டிவிடுங்கள். கயிற்றை அந்த ஒரு வாரம் கழற்றிச் சுவாமி படத்தடியில் வைப்பதில் தவறில்லை. கழற்றவே கூடாது என்று வீட்டில் சொன்னால், முழங்கைக்கு மேல் இறுக்கமாகக் கட்டிச் சட்டைக் கைக்குள் மறைக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வளையல், மோதிரம், தொங்கட்டான், கொலுசு எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கையுறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெல்டிங்கில் அது கட்டாயம், ஆனால் மேசைத் துளைப்பான்போலச் சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் கையுறையே ஆபத்து. வெல்டிங் நாளில் பாலியஸ்டர் வேண்டாம், பருத்தி மட்டும். செயற்கை இழை தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடி, முகமூடி ஆகியவை பிள்ளையின் முகத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். பெரியவர்களின் அளவில் வாங்கிவைத்த கண்ணாடி மூக்கிலிருந்து நழுவும், பிள்ளை அதை நெற்றியில் ஏற்றிவிடுவாள். கட்டுமானத் தளங்களில்கூட பாதுகாப்பு உடைகள் அணிபவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பது, பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ‘ஓஷா’வின் விதியில் வெளிப்படையாக எழுதப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில்தான். அதுவரை ஆண்களின் அளவில் வாங்கியதையே பெண்களும் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள்.

கேள்வி: கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டா? – வாசகர், சியாட்டில்

பதில்: பிள்ளைக்கு 13 வயது நிறையாமல் இருந்து, பெற்றோர் இருவரும் வேலைக்குப் போவதால் அனுப்புகிறீர்கள் என்றால், பகல்நேர முகாமின் கட்டணத்தைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாகக் கூட்டாட்சி வருமான வரியில் காட்டலாம், முகாமில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பது பொருட்டல்ல. ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 டாலர் வரையிலான செலவே கணக்கில் எடுக்கப்படும். இரவு தங்கும் முகாமுக்கு இது கிடையாது. முகாமின் வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள். வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து பணம் ஒதுக்கும் பிள்ளைப் பராமரிப்புச் செலவுக் கணக்கை அலுவலகம் வழியாக வைத்திருந்தால் அதே தொகையை இரண்டு இடத்தில் காட்டக்கூடாது.

வருமானத்துக்கேற்ற கட்டணம், முழு உதவித்தொகை ஆகியவை இந்த வகை முகாம்களில் அதிகம். கட்டுமானத் துறைப் பெண்களின் தேசியச் சங்கம் – 1953இல் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்தில் 16 பெண்கள் சேர்ந்து தொடங்கியது – தன் கிளைகள் வழியாக உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு நடத்தும் ‘மேஜிக்’ முகாம்களை முதலில் பாருங்கள். அவை நிறைய இடங்களில் இலவசம்.

கேள்வி: எனக்கு மகன், மகள் இருவர். மகன்தான் மரவேலையில் ஆர்வமுள்ளவன். பெண்களுக்கு மட்டும் என்று கதவை மூடுவது நியாயமா? – வாசகி, டொராண்டோ

பதில்: உங்கள் மகனுக்கு ஏமாற்றம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இருபாலரும் சேர்ந்த பட்டறைக் குழு ஒன்றைச் சற்று நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். நான்கு பேருக்கு ஒரு டிரில் என்றால், அதைக் கேட்காமலே எடுப்பது பெரும்பாலும் ஒரு பையன். பலகையைப் பிடித்துக்கொள்வது, அளவை எழுதிக்கொள்வது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது ஆகியவை பெண் பிள்ளைகளிடம் வந்துசேரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அந்தப் பையன் வீட்டில் அப்பாவோடு ஏற்கெனவே நாலு திருகாணி முடுக்கியிருப்பான், அவ்வளவுதான். பெண்களுக்கான முகாமில் டிரில்லை எடுக்க வேறு ஆள் இல்லை. அதனால் கூச்சமுள்ளவளும் எடுத்தாக வேண்டியிருக்கிறது.

வெர்மான்ட் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு கட்டுமானத் தொழிலில் இருந்த பெண்களின் அமைப்பு ஒன்று ‘ரோஸீஸ் கேர்ள்ஸ்’ முகாமைத் தொடங்கியபோது நடுநிலைப் பள்ளி வயதைத் தேர்ந்தெடுத்தது. ‘எனக்கு இது வராது’ என்று பெண் பிள்ளைகள் ஒதுங்கத் தொடங்கும் வயது அது; தேர்வு சரி என்றே நினைக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுக்கு மேல், கை பழகியபிறகு, கலந்து படிப்பதே நல்லது. நாளை தளத்தில் ஆண்களோடுதானே வேலை. மகனுக்குப் பொது மரவேலை முகாம் பாருங்கள். சுத்தியலுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்துவைத்திருக்கும் முகாம்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எனக்கும் பிடிக்காது. ஆனால் பிடி பிள்ளையின் கைக்குள் அடங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: எனக்கு 16 வயது. இரண்டு கோடைகளாக முகாமுக்குப் போய்வருகிறேன். எலக்ட்ரீஷியன் ஆக விரும்புகிறேன். ‘முதலில் டிகிரி, பிறகு எதுவானாலும்’ என்கிறார்கள் வீட்டில். – வாசகி, சிகாகோ

பதில்: முதலில் உங்கள் பெற்றோருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள்: இதுவும் படிப்புதான், ஏறக்குறைய ஐந்து வருடப் படிப்பு. தொழிற்சங்கமும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்தும் தொழிற்பயிற்சியில் பகலில் தளத்தில் வேலை, வாரத்தில் சில மணி நேரம் வகுப்பு. சம்பளம் முதல் நாளிலிருந்தே உண்டு. தேர்ந்த எலக்ட்ரீஷியனின் ஊதியத்தில் பாதியை ஒட்டித் தொடங்கிப் படிப்படியாக ஏறும். கல்விக் கடன் ஏறாது. பொதுவாக 18 வயதும், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும், ஒரு வருட அல்ஜீப்ராவும் கேட்பார்கள். நுழைவுத் தேர்விலும் அல்ஜீப்ரா வரும். ஆகவே அடுத்த இரண்டு வருடம் அல்ஜீப்ராவை விடாதீர்கள். உங்கள் ஊரிலேயே 1981 முதல் இயங்கும் ‘சிகாகோ விமன் இன் டிரேட்ஸ்’ அமைப்பில், வேலையில் இருக்கும் பெண்களையே சந்தித்துப் பேசலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். குளிர்காலத்தில் தளம் எப்படி இருக்கும், கழிப்பறை எப்படி இருக்கும், மேற்பார்வையாளர் எப்படிப் பேசுவார் என்று அவர்களிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவர்கள் சொல்வது நேராக இருக்கும்.

டிகிரியும் வேண்டும் என்றால் வழி அடைபடவில்லை. தொழிற்பயிற்சி வகுப்புகளைச் சில சமுதாயக் கல்லூரிகள் டிகிரிக்கான பாடங்களாக (கிரெடிட்) கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எந்தக் கல்லூரி என்பதைச் சேரும்போதே விசாரியுங்கள். வீட்டில் வாதம் பண்ணாமல், இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதி மேசையில் வைப்பது நம் வீடுகளில் கூடுதல் பலன் தரும்.

கேள்வி: முகாம் முடிந்ததிலிருந்து மகள் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எங்களுடையது அடுக்குமாடி வீடு. என்ன வாங்கித் தரலாம்? – வாசகர், ஓக்லண்ட், கலிஃபோர்னியா

பதில்: குழந்தைகளுக்கான கருவிப் பெட்டி என்று விற்பதை வாங்காதீர்கள், அதிலுள்ள ரம்பம் வெண்ணெயைக்கூட அறுக்காது, மழுங்கிய கருவிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். எடை குறைந்த 12 வோல்ட் டிரில், தலை 10 முதல் 13 அவுன்ஸ் எடையுள்ள சுத்தியல், தன்பக்கம் இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய ரம்பம், முக்கோண மூலைமட்டம், பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு, 16 அடி டேப், கண்ணாடி. இவ்வளவு போதும். கிளாம்பை மட்டும் நல்லதாக வாங்குங்கள். அடுக்குமாடியில் சாப்பாட்டு மேசைதான் பட்டறை, பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு அறுக்க விடக்கூடாது. மற்றவற்றை வாங்கவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் டெமஸ்கல் கிளையில் கருவிகளை இரவல் தருகிறார்கள். பக்கத்தில் பெர்க்லி நூலகம் 1979 முதல் தந்துவருகிறது. பெரியவர் ஒருவர் தம் பெயரில் எடுத்துத் தர வேண்டும்.

மரத்துக்கு, கடைகளின் பின்னால் கிடக்கும் சரக்குத் தட்டுகளைப் பலர் உடைத்து எடுத்துவருகிறார்கள். கேட்டு எடுத்தால் தவறில்லை. ஆனால் பக்கவாட்டில் சூட்டுக்கோல் முத்திரை ஒன்று இருக்கும், அதைப் படிக்காமல் எடுக்காதீர்கள். ‘ஹெச்.டி.’ (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம், வீட்டுக்குள் கொண்டுவரலாம். ‘எம்.பி.’ (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பச்சைச் சாயம் ஏறிய பழைய வேலிப் பலகைகளையும் தொட வேண்டாம். 2004க்கு முன்பு வெளிப்புற மரங்களுக்கு ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றுவது வழக்கமாக இருந்தது, அறுத்தால் அந்தத் தூள் மூச்சில் போகும்.